பூச்சி வராத படம்

போன மாதம் நான் வேலை பார்த்த உரக் கம்பெனியில், ஓய்வு பெற்றவர்களையெல்லாம் அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். சால்வை போர்த்தி முடிந்ததும், விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது விவசாயியின் கைப்பேசிக்கே படம் அனுப்பிவிடுகிறார்களாம்.

"நீங்க வேன்ல ஊர் ஊராப் போய் படம் காட்டுவீங்களாமே சார்? அதுல பெரிய கஷ்டம் எது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பாம்பு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

உண்மையில் நான் சொல்ல வந்தது வேறு. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். எழுபத்தைந்து வயதுக்காரனுக்கு முன்னால் கேசரியை வைத்துவிட்டுக் கதை கேட்கக் கூடாது. ஆகவே சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பு சுருக்கமானது. மன்னார்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மெஷின் துடைத்தேன், அறுந்த படச்சுருளை ஒட்டக் கற்றேன், இடையில் டிரைவர் லைசென்ஸும் எடுத்தேன். ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள் கிடைக்கிறான் என்று உரக் கம்பெனி என்னைச் சேர்த்துக்கொண்டது. விளம்பர வேனை ஓட்டுவதும் நான்தான், சாயங்காலமானால் அதிலிருக்கும் சின்ன மெஷினில் படம் ஓட்டுவதும் நான்தான்.

படம் என்றால் ஒரே படம்தான். நெல்லைத் தாக்கும் குருத்துப்பூச்சியைப் பற்றியது. முட்டையிலிருந்து வெளியே வந்து, தண்டுக்குள் புகுந்து, பயிரை நாசமாக்கி, கடைசியில் எங்கள் கம்பெனி மருந்தில் செத்துப்போகும். எத்தனையோ தடவை பார்த்த ஜனங்கள் அதன் மேல் பிரியம் வைத்துவிட்டார்கள். பூச்சி திரையில் தலை நீட்டினால் விசில் பறக்கும். அது சாகும்போது சில ஊர்களில் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு கம்பெனி தன் பணத்தைச் செலவழித்துத் தன் எதிரியைக் கதாநாயகன் ஆக்கியது அநேகமாக அங்கேதான் நடந்திருக்கும்.

படம் காட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மத்தியானம் சாய்ந்ததும் ஊருக்குள் நுழைந்து மைக்கில் அறிவிப்பு செய்யவேண்டும். பிறகு இரண்டு மூங்கில் நட்டுத் திரை கட்டவேண்டும். காற்றுப் பக்கம் பார்த்துக் கட்டாவிட்டால் திரை உப்பிக்கொள்ளும், படத்தில் வருகிற ஆண்கள் எல்லாரும் நிறைமாதமாகத் தெரிவார்கள். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பேச்சே கேட்காது. அப்புறம் விளக்கைப் போட்டதும் டெல்டாவில் உள்ள நிஜப் பூச்சிகள் அத்தனையும் திரைக்கு வந்துவிடும். எங்கள் ஆபீசர் குச்சியால் சுட்டிக்காட்டி "இதோ தாய்ப்பூச்சி" என்பார், அது பறந்து போய்விடும்.

திரை கட்டுகிற இடத்திலும் ஒரு விஷயம் இருந்தது. ஊர்த்தெருவில் கட்டினால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கூலிக்காரர்கள் திரைக்குப் பின்னால்தான் உட்காரவேண்டும். அவர்களுக்கு இடம் வலம் மாறித் தெரியும். எங்கள் படத்தில் வரும் டிராக்டர் பல காலம் அவர்களுக்கு எதிர்த்திசையில்தான் ஓடியது.

எங்கள் ஆபீசர் பெயர் அழகரசன். பிறந்தபோது வைத்தது சுந்தரராஜன். சென்னையில் ஆட்சி மாறிப் புது அரசு வந்திருந்த சமயம் அது. ஆசையாகத் தமிழில் பெயர் மாற்றிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். என் பெயர் கலியமூர்த்தி. அதையும் தமிழ்ப்படுத்திவிடுவதாகச் சொல்லி ஒரு வாரம் யோசித்தார். முடியாமல், "ஆப்பரேட்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நல்ல மனிதர். ஆனால் மோனை இல்லாமல் அவருக்கு மூச்சு வராது. மைக்கைப் பிடித்தால், "உழவர் பெருமக்களே! உழைப்பால் உயர்ந்தோரே! உரத்தால் இன்னும் உயரப்போவோரே!" என்று தொடங்குவார். "பொட்டாஷ் போட்டால் பொன் விளையும், போடாவிட்டால் பொக்கு விளையும்" என்பார். அவருக்கு ஒரே மனக்குறை யூரியா. 'யூ'வில் தொடங்கும் இன்னொரு நல்ல சொல் கிடைக்கவில்லை என்று வேனில் போகும்போதெல்லாம் வருத்தப்படுவார். "யூகம்?" என்று நான் ஒருமுறை சொன்னேன். "யூகித்து உரம் போடச் சொல்ல முடியுமா ஆப்பரேட்டர்?" என்று கோபித்துக்கொண்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெயரை மாற்றி நல்லாங்குடி என்று வைத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் உள்ள தாழ்ந்த பூமி. அறுவடைக் கூலி கூட்டிக் கேட்டு, கூலிக்காரர்கள் அங்கே வேலையை நிறுத்தியிருந்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். கூலிக்காரர்கள் வந்து கூடிவிடுவார்களே என்று, ஊர்த்தெருவில் திரை கட்டப் பண்ணை ஆட்கள் இடம் தர மறுத்துவிட்டார்கள். ஆகவே வாய்க்காலைத் தாண்டிக் கூலிக்காரத் தெருவிலேயே திரை கட்டினேன். அவர்கள் முதன்முறையாக முன்பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

விளக்கைப் போட்டேன். படம் ஓடத் தொடங்கியது. வயலைக் காணோம். கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய நகரம், மேல்கோட்டு போட்ட மனிதர்கள், ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு குடும்பம். படச்சுருள் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வரும். தகர டப்பாவின் மேல் "நெல் - பூச்சி" என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே வேறு யாருக்கோ போகவேண்டிய படம்.

"சார், நிறுத்திடவா?" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்திருந்தார்கள். "ஓட்டு. சமாளிக்கிறேன்" என்றார்.

படம் பேசியது ஆங்கிலத்தில், அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் படம் எதைப் பற்றியது என்று பிடிபடுவதற்கு முன்பே மைக்கை எடுத்துவிட்டார். "இதோ, ஜெர்மனி நாட்டில் ஒரு யூதக் குடும்பம்!" என்றார். உடனே அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். 'யூ'வில் ஒரு சொல் கிடைத்துவிட்டது. "யூதப் பெருமக்கள் யூரியா..." என்று தொடங்கி, திரையைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரு கடை வாசலில் சீருடைக்காரர்கள் நின்று, உள்ளே போகிற வாடிக்கையாளர்களை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூச்சி எப்ப சார் வரும்?" என்று யாரோ கத்தினார்கள்.

அழகரசன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல பூச்சி இல்லைங்க. டப்பா மாறி வந்துடுச்சு. அந்த நாட்டுல யூதர்கள்னு ஒரு ஜனம். அவங்களை அந்த நாட்டு அரசாங்கமே கொடுமைப்படுத்துது. அதைத்தான் காட்டுறாங்க" என்றார். மோனை இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

படத்தில் இருந்தவர் ஒரு டாக்டர். யூதர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான பாக்கியம் முன்வரிசையில் இருந்தாள். வயலில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஊர்க்காரனும் நாற்றைக் கீழே போடுவான், அப்படி ஒரு குரல். "யோவ் டாக்டரு! என்னய்யா உக்காந்துருக்க? கெளம்பு!" என்று திரையைப் பார்த்து அதட்டினாள்.

டாக்டர் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினார்.

"அது என்னா சார்?"

"முன்னாடி நடந்த சண்டையில அந்த நாட்டுக்காகப் போரிட்டு வாங்கின மெடல். அது இருக்கிறவரைக்கும் தன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு நம்புறார்."

"மெடலத் தூக்கிக் கடாசிட்டு ஓடச் சொல்லுங்க சார்!"

தெருவே அந்தக் குடும்பத்துக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. டாக்டரின் மனைவி பியானோவைத் துடைத்தபோது, "பொட்டி கெடக்குது போட்டுட்டு வாடி" என்றார்கள். கடைசியில் டாக்டர் கிளம்பத் தீர்மானித்து ஒரு பெரிய கட்டடத்தின் முன் வரிசையில் போய் நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னா சார் வரிசை, ரேஷனா?"

"வேற நாட்டுக்குள்ள போறதுக்கு அனுமதி வாங்குற வரிசை. வருஷத்துக்கு இத்தனை பேருதான்னு அந்த நாடுகள் எல்லாம் அளவு வச்சிருக்கு. சொத்தில பெரும்பகுதியை இங்க எழுதிக்குடுத்தாத்தான் வெளிய விடுவாங்க. காசு இல்லாதவனை எந்த நாடும் உள்ள விடாது."

"இவன் புடுங்கிக்கிட்டு அனுப்புவான், அவன் இல்லாதவன்னு துரத்துவானா? நல்லாருக்கே நியாயம்!"

பிறகு ஒரு கப்பல். அதில் ஏறியவர்களைக் கரையில் இறங்க விடவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கப்பல் திரும்பியது. பிறகு ஒரு ரயில் நிலையம். கழுத்தில் அட்டை கட்டிய குழந்தைகளை மட்டும் ஒரு நாடு ஏற்றுக்கொள்கிறது. அம்மா அப்பா நடைமேடையில் நிற்கிறார்கள். பெண்களில் சிலர் கைதட்டத் தூக்கிய கையை இறக்கிவிட்டார்கள். பிறகு போர் தொடங்கி எல்லைகள் மூடப்பட்டன. போக முடியாதவர்களில் மிகப் பலரைக் கொன்றுவிட்டார்கள் என்று அழகரசன் சார் சொன்னார். அவர்களில் டாக்டரும் அவர் மனைவியும் உண்டு என்றும் சொன்னார். படம் முடிந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் சுருளைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன்.

பாக்கியம்தான் பேசினாள். "இருந்தாலும் முன்னாடியே போயிருக்கணும் சார். மொதல்ல கடையில ஆளு நிப்பாட்டினாங்களே, அன்னைக்கே கெளம்பியிருக்கணும். நானா இருந்தா ஒரு நாளு இருக்கமாட்டேன்."

அவள் புருஷன் கோவிந்தன் அதிகம் பேசாத ஆள். பீடியை அணைத்துவிட்டு, "சரி. அமாவாசைக்குள்ள மனையக் காலி பண்ணச் சொல்லி நமக்கும்தான் ஆளு வந்துச்சு. கெளம்புவமா?" என்றான்.

அப்போதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. குடிசைகள் இருந்த இடம் பண்ணைக்குச் சொந்தம். வேலைக்கு வராதவன் மனையிலும் இருக்கக் கூடாது, அமாவாசைக்குள் போகாவிட்டால் பிரித்துப்போடுவோம் என்று காரியஸ்தர் நடேசன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கூலி கேட்டவர்களின் குடிசைக்கே தீ வைத்த சம்பவம் அந்தப் பக்கத்தில் நடந்திருந்தது, அப்படி மிரட்டினால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத காலம்.

"கெளம்புவமா?" என்று கோவிந்தன் மறுபடி கேட்டதும் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

"கோழி அடையில கெடக்கு. இப்ப எடுத்தா அத்தனையும் கூமுட்டை."

"அவரைப் பந்தல் இப்பத்தான் பூ எடுத்துருக்கு."

"எங்க அக்கா ஊருக்குப் போவலாம். ஆனா அதுவும் ஒரு பண்ணையார் எடம். வேலைநிறுத்தம் பண்ணின ஆளுன்னா தெருவுக்குள்ளயே விடமாட்டான்."

"எங்க வீட்டுக்காரரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றாள் ஒருத்தி. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாரிமுத்து என்ற பெரியவர் எழுந்து நின்றார். பண்ணையார் சின்னப் பையனாக இருந்தபோது ஆற்றில் விழுந்துவிட, இவர்தான் குதித்துத் தூக்கினாராம். அதற்காகப் பெரிய பண்ணையார் ஒரு ஜரிகைத் துண்டு போர்த்தினாராம். அதை உள்ளே போய் எடுத்து வந்து விரித்துக் காட்டினார். "இது என் தோள்ல இருக்கிறவரைக்கும் நம்ம தெருவத் தொடமாட்டாங்க" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் தெரு முழுக்கச் சிரிப்பு. மாரிமுத்துவுக்கு ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் துண்டைப் பார்த்தார், வெற்றுத் திரையைப் பார்த்தார், மெதுவாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது எவ்வளவோ பெரிய கொடுமை. ஆனால் ஏன் போகவில்லை என்று அந்த டாக்டரை யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் நீடாமங்கலம் போகவேண்டும். அழகரசன் சார் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆப்பரேட்டர், திருப்பு" என்றார். நல்லாங்குடிக்குப் போனோம். "பிள்ளைகளை மட்டும் அனுப்புங்க. பாதுகாப்பான இடத்துல விட்டுடறேன். பிரச்சினை தீர்ந்ததும் கூட்டிக்கலாம்" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டார்கள். வேலைநிறுத்தத்தை நடத்திய விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களையும் கேட்டார்கள். பெரியவர்கள் போனால் மனை போய்விடும், பிள்ளைகள் போகட்டும் என்று முடிவானது. கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேரும் கூடப் போவதாக ஆனது. அப்புறம் நடந்த ஏற்றுமதியை நான் மறக்கமாட்டேன். ஆளுக்கு ஒரு துணிமூட்டை என்று சார் கண்டிப்பாகச் சொன்னார். ஒருத்தி பரங்கிக்காயைத் துணியில் சுற்றி மூட்டை என்றாள். ஒருத்தி அம்மிக்குழவியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அது இல்லாமல் பிள்ளை தூங்காது என்றாள். அடைக்கோழி கூடையோடு வந்தது. ஒரு ஆடு யாரும் கூப்பிடாமலே ஏறியது. திரைத்துணியை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். பாக்கியத்தின் மகள் அஞ்சலை, எண்ணெய் வழிய வாரிய தலையோடு, முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வாய்க்கால் பாலத்தில் காரியஸ்தர் நடேசன் சைக்கிளோடு குறுக்கே நின்றார். "இதுங்களையெல்லாம் எங்க சார் ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"இளம் உழவர் பயிற்சி. பூச்சி பற்றிய பயிற்சி" என்றார் சார்.

"கைக்குழந்தைக்குமா?"

"பூச்சி கைக்குழந்தை என்று பார்க்கிறதா?"

நடேசன் யோசித்தார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் கியரைப் போட்டுவிட்டேன்.

பாதுகாப்பான இடம் என்று சார் சொன்னாரே தவிர, அப்படி எதுவும் கையில் இல்லை என்பது திருத்துறைப்பூண்டியில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே எங்கள் டீலர், "பண்ணையார் என் கடையிலதான் உரம் எடுக்கிறாரு சார்" என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்த டீலர் வீட்டில் விசேஷம் என்றார். ஒரு சத்திரத்தில், பிள்ளைகள் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். வேனில் பிள்ளைகள் பரங்கிக்காயை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "அந்தக் கப்பல் மாதிரியே சுத்துறோம் மாமா" என்று அஞ்சலை உற்சாகமாகச் சொன்னாள். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

கடைசியாக முத்துப்பேட்டை. அங்கே உரக்கடை வைத்திருந்தவர் ஜப்பார் பாய். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "இத்தனை பேரா? ரெண்டு மூணுன்னா சரி..." என்று இழுத்தார்.

அழகரசன் சார் இறங்கிக் கடைவாசலில் நின்று கையை உயர்த்தினார். "முத்துப்பேட்டை மண்ணின் மைந்தரே! மாசிலா மனத்தோரே! மழலையர் முகம் பாருங்கள்! மறுக்கும் மனமும் உமக்குண்டோ? மறுத்தால் மண்..."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பாய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "சார், பேச்சை நிறுத்துங்க. எத்தனை பிள்ளைங்கன்னாலும் எறக்குங்க. ஆட்டையும் எறக்குங்க. நீங்க மட்டும் பேசாதீங்க."

பிள்ளைகள் உரக்கிடங்கில் யூரியா மூட்டைகளின் மேல் படுத்துத் தும்மிக்கொண்டே இருந்தார்கள். பாயின் மனைவி மூன்று வேளையும் சோறு அனுப்பினார். பகலில் காயலோரம் போய் மீன் துள்ளுவதைப் பார்த்துக் கத்தினார்கள். தெருவில் யாராவது கேட்டால், பூச்சிப் பயிற்சிக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லச் சொல்லியிருந்தோம். கேட்டவர்களிடம் அவர்கள் குருத்துப்பூச்சியின் ஆயுள் முழுவதையும் ஒப்பித்தார்கள்.

அமாவாசையன்று வெளியூர் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் பாதையில் உட்கார்ந்துகொண்டார்கள். அடிதடியில் கோவிந்தனின் கை முறிந்தது. போலீஸ் வந்து சேர்வதற்குள் வாய்க்காலோரக் குடிசைகள் போய்விட்டன. முதலில் போனது மாரிமுத்துவின் குடிசை. அவர் கடைசி நேரத்தில் மனம் கேட்காமல் ஜரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். நடேசனே வந்து துண்டு கிழிந்துவிடாமல் பதவிசாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கூரையை இழுக்கச் சொன்னாராம். ஆனால் யாரும் தெருவை விட்டுப் போகவில்லை. விழுந்த கீற்றை எடுத்தே மறுபடி கட்டினார்கள். சில காலத்துக்குப் பிறகு, குடியிருக்கிறவனுக்கே மனை என்று அரசாங்கம் சட்டம் போட்டது.

கம்பெனி வேனில் ஆடு ஏற்றியது மேலிடத்துக்கு எட்டிவிட்டது. அழகரசன் சாரை மலைமேல் தேயிலைப் பக்கம் மாற்றினார்கள். நெல்லே விளையாத ஊர். கிளம்புகிற அன்று, "தேயிலைக்கு மோனை நிறைய இருக்கு ஆப்பரேட்டர்" என்று தைரியமாகத்தான் சொன்னார்.

பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவிட வேனைத் தரவில்லை. ஆகவே அம்மாக்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் வந்து கூட்டிப்போனார்கள். பாக்கியம் வந்த அன்று நான் முத்துப்பேட்டையில் இருந்தேன். நடந்ததையெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். நெற்றியில் ஒரு தையல் போட்டிருந்தது. அஞ்சலை அம்மாவைக் கட்டிக்கொண்டு, மீன், காயல், தும்மல் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன்.

"ஏங்க, ஒரு நாளுகூட இருக்கமாட்டேன்னு நீங்கதானே அன்னைக்குச் சத்தம் போட்டீங்க. வேன்ல எடம் இருந்துச்சே. நீங்க ஏன் ஏறல?" என்று கேட்டேன்.

"ஏறுறது பெருசா தம்பி?" என்றாள். "ஏறிட்டு எங்க எறங்குறது?"

பஸ் வந்தது. மகளை முன்னால் தள்ளிவிட்டு ஏறினாள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வந்த கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார்.

"நல்லாங்குடி!" என்றாள் பாக்கியம். வயலில் கூப்பிடுகிற குரல். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.